ஒழுங்கின்மை இன்மையா, உள்பொருளா?

இருள் என்பது தனித்த ஒரு பொருளா, அல்லது ஒளி இல்லாமைக்கு மக்கள் இட்டு வழங்கும் பெயர்தானா என்னும் வினா, இந்தியத் தத்துவ மரபுகள் பல நூற்றாண்டுகள் விடாமல் வழக்காடிய வினாக்களுள் ஒன்றாகும். கணாதருடைய வைசேடிக சூத்திரம் இருளை ஒளியின் இன்மை என்றே கொண்டது. குமாரிலர்வழி வந்த பாட்ட மீமாம்சகர் அதனைத் தனிப்பொருள் என்றனர். சமணருடைய தத்துவார்த்த சூத்திரம் இருளையும் நிழலையும் புற்கலத்தின், அதாவது சடப்பொருளின், வேறுபாடுகளோடு சேர்த்து எண்ணியது. சங்கரருக்குப் பின்வந்த விவரண மரபினர், அவித்தை என்பது அறிவின் வெறும் இன்மையாகாது, மறைக்கும் ஆற்றலுடைய ஒன்று என நிறுவப் புகுந்தபோது, இருளையே தமக்குச் சான்றாக அழைத்தனர். சைவ சித்தாந்திகளோ இன்னும் உறுதியாக, உயிரைப் பற்றிய ஆணவ மலம் ஓர் உள்பொருள் என்றும், கண்ணில் படர்ந்த படலம் அறிவினால் மட்டும் நீங்காது மருத்துவனின் கையால் நீங்குவதுபோல, அதுவும் தன்னைப் பற்றிய அறிவினால் மட்டும் நீங்காது என்றும் வாதிட்டனர். குறை என்பது வெறும் இல்லாமையானால் இல்லாததைக் கொண்டுவந்தால் போதும். குறை தானே ஓர் இருப்பானால் அதன்மேல் ஏதேனும் ஒன்று செயற்பட்டாக வேண்டும். சமயங்களின் சாதனை நெறிகள் பிரிவது இந்த இடத்திலேயாகும். மேலைநாட்டிலும் தீமை என்பது நன்மையின் குறைபாடே என்ற அகஸ்டீனின் கொள்கை இதே கிளைப்பாதையில் ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டது.

இந்த வழக்குக்குப் பாலக்காட்டுக் கணவாயும் இடுக்கி மலைகளும் அயலிடங்கள் ஆகா. மணிமேகலைக் காப்பியத்தின் தலைவி பத்துச் சமயக்கணக்கரின் கொள்கைகளை ஒருங்கே கேட்டது சேரர் தலைநகராகிய வஞ்சியில். அந்த வஞ்சி கிழக்கே கரூரா, மேற்கே கொடுங்கல்லூரா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு எனினும், இரண்டையும் இணைக்கும் இயற்கை வழி நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே திறந்து கிடக்கும் இந்தக் கணவாயேயாகும். பாலக்காட்டு நகரை ஒட்டிய ஜைனிமேட்டில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில், கேரளத்தில் எஞ்சியுள்ள மிகச் சில சமணத் தலங்களுள் ஒன்றாக இன்றும் நிற்கிறது. இடுக்கி மலைகளைக் கடந்து இறங்கும் பெரியாறு, சங்கரர் பிறந்ததாக மரபு கூறும் காலடியைத் தொட்டுக்கொண்டே கடலுக்குப் போகிறது. இந்த நிலத்தில் பேசப்பட்ட ஒரு பழைய வழக்கை, திண்மநிலை இயற்பியல் கடந்த கால் நூற்றாண்டில் கண்டறிந்த ஒரு செய்தியோடு வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். இரட்டைப் பெரோவ்ஸ்கைட் ஆக்சைடுகள் எனப்படும் படிகங்களில் ஒழுங்கின்மை என்பது என்ன என்பதே அச்செய்தி. அதனை ஆராய்ந்து தெளிவித்ததில் பெங்களூர், மும்பை, கொல்கத்தா ஆய்வகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

பெரோவ்ஸ்கைட் என்பது 1839இல் குஸ்தாவ் ரோஸ் என்பவர் உரால் மலைக் கனிமம் ஒன்றைக் கண்டு, உருசியப் பிரபுவான லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரால் வழங்கிய சொல். அதே கட்டமைப்பை உடைய ஆக்சைடுகள் அனைத்துக்கும் இன்று அது குடும்பப் பெயராகிவிட்டது. இக்கட்டமைப்பில் ஒரு சிறிய உலோக அயனியை ஆறு ஆக்சிஜன் அயனிகள் எண்முகி வடிவில் சூழ்கின்றன. எண்முகிகள் முனையோடு முனை பொருந்தி முப்பரிமாணத்தில் அடுக்கப்பட, அவற்றுக்கு இடைப்பட்ட குழிகளில் பெரிய அயனிகள் அமர்கின்றன. எண்முகிகளின் மையத்தில் ஒரே உலோகத்துக்கு மாறாக இரண்டு வேறு உலோகங்கள் சம அளவில் சேர்ந்து, உப்புப் படிகத்தில் சோடியமும் குளோரினும் மாறிமாறி அமர்வதுபோல ஒன்றுவிட்டு ஒன்றாக நிரம்பினால், அது இரட்டைப் பெரோவ்ஸ்கைட் ஆகிறது. ஸ்ட்ரான்சியம், இரும்பு, மாலிப்டினம், ஆக்சிஜன் ஆகிய நான்கு தனிமங்களால் ஆன சேர்மம் இவ்வகையில் புகழ்பெற்றது. ஜப்பானில் டொகுரா முதலியோர் 1998இல், அறை வெப்பநிலையிலேயே இதன் மின்தடை ஒரு காந்தப்புலத்தால் குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது என்று நேச்சர் இதழில் வெளியிட்டபோது, உலகெங்கும் பல ஆய்வகங்களின் கவனம் இதன்பால் திரும்பியது.

இதன் காந்தத் தன்மைக்குக் காரணம் எளிதாகவே சொல்லத்தக்கது. எலக்ட்ரான் ஒவ்வொன்றும் தற்சுழற்சி எனப்படும் பண்பினால் ஒரு நுண்காந்தமாக நிற்கிறது. இரும்பு அயனியில் ஐந்து எலக்ட்ரான்கள் ஒரே திசையில் நிற்க, மாலிப்டினம் தரும் ஓர் எலக்ட்ரான் எதிர்த்திசையில் நின்று படிகம் முழுவதும் உலவுகிறது. ஐந்தில் ஒன்று கழிய, போர் மேக்னட்டான் என்னும் அலகில் நான்கு என்பது ஒவ்வொரு வாய்பாட்டு அலகுக்கும் உரிய நிகரக் காந்தம் ஆகும். மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்கள் யாவும் ஒரே தற்சுழற்சித் திசையைச் சேர்ந்தவை. மற்றத் திசையில் நிற்கும் எலக்ட்ரான்களுக்கு அப்பொருள் உலோகமாக இராமல் மின்கடத்தாப் பொருளாகவே இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் உலோகமாகிய இந்நிலையை அரை உலோகம் என்று வழங்குவர். இக்காந்த ஒழுங்கு ஏறத்தாழ 420 கெல்வின் வரை, அதாவது கொதிநீரின் வெப்பத்தையும் கடந்து, குலையாமல் நிற்கிறது.

மாலிப்டினத்துக்கு மாற்றாக டங்ஸ்டனை வைத்தால், கட்டமைப்பு அப்படியே இருந்தும் கிடைப்பது மின்கடத்தாத, எதிர்க்காந்த ஒழுங்குடைய வேறொரு பொருள். இதில் வியப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பொருள் மாறியது, பண்பும் மாறியது. தத்துவ நோக்கில் ஆழமானது அடுத்த செய்தி. அதே நான்கு தனிமங்கள், அதே விகிதம், அதே எடை. இரும்பும் மாலிப்டினமும் ஒன்றுவிட்டு ஒன்றாக அமராமல் இடம் மாறிக் கலந்துவிட்டால் மட்டும் பொருளின் காந்தமும் கடத்துதிறனும் வேறாகிவிடுகின்றன. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் டி. டி. சர்மா, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இ. வி. சம்பத்குமாரன் முதலியோர் 2000ஆம் ஆண்டில், ஒழுங்குற்ற மாதிரியையும் ஒழுங்கற்ற மாதிரியையும் தனித்தனியே ஆக்கி ஒப்பிட்டனர். ஒழுங்குற்றதில் சிறிய காந்தப்புலத்துக்கே மின்தடை சட்டென்று குறைந்தது; ஒழுங்கற்றதில் அந்தக் கூர்மையான மாற்றம் காணப்படவே இல்லை.

மணிமேகலையில் பேசும் பூதவாதி, ஆத்திப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடியவிடத்துக் கள்ளின் களிப்பு பிறப்பதுபோலப் பூதங்களின் கூட்டத்தில் உணர்வு பிறக்கிறது என்கிறான். கூட்டத்தால் புதுப்பண்பு தோன்றும் என்ற அவனது துணிவு மதிக்கத்தக்கதே. ஆனால் எவை எவ்வளவு கூடின என்பதைச் சொல்லிவிட்டால் விளைவைச் சொல்லிவிட்டதாகும் என்ற அவனது உட்கோளை இந்தப் படிகம் மறுத்துவிடுகிறது. இங்கே வைசேடிகரின் காரணப் பகுப்பு பெரிதும் பொருந்துகிறது. ஆடைக்கு நூல் சமவாயி காரணம், அதாவது ஆடை தங்கியிருக்கும் பொருள். நூல்களின் சேர்க்கை அசமவாயி காரணம், அதாவது அப்பொருளில் தங்கி நின்று விளைவைத் தோற்றுவிக்கும் அமைவு. அமைவை ஒரு நிழல்போலக் கருதாமல் அதற்குக் காரணப் பட்டியலில் தனி இடம் தந்தது வைசேடிகரின் நுண்ணறிவு. ஒழுங்குற்ற படிகத்துக்கும் ஒழுங்கற்ற படிகத்துக்கும் முன்னது ஒன்றே; வேறுபடுவது பின்னது மட்டும்.

ஆயினும் வைசேடிகர் பக்கமே நின்று பார்த்தால், ஒழுங்கின்மையை ஒழுங்கின் இன்மை என்றே சொல்லிவிடத் தோன்றும். தொடக்கத்தில் இயற்பியலாளர் பலரும் செய்தது ஏறத்தாழ இதுவே. மாலிப்டினம் இருக்க வேண்டிய தளத்தில் இரும்பு அமர்ந்தால் அது இடம்மாறிய அணு. அதற்கு அடுத்துள்ள இரும்போடு ஆக்சிஜன் வழியாக அது கொள்ளும் உறவு, இரண்டின் காந்தத்தையும் எதிரெதிராக நிறுத்துகிறது. இத்தகைய இடமாற்றங்கள் படிகம் எங்கும் தற்செயலாகச் சிதறிக் கிடக்கின்றன என்று கொண்டால், நிகரக் காந்தம் நான்கிலிருந்து இடமாற்றத்தின் விகிதத்தைப்போல் இருமடங்கு விகிதத்தில் குறைந்து, பாதித் தளங்கள் மாறியவிடத்துப் பூச்சியமாகும். கணக்கு எளிது, உண்மை மாதிரிகளில் காந்தம் நான்கைவிடக் குறைந்திருப்பதையும் அது விளக்கியது. ஒழுங்கு என்ற ஒரே அளவு நூற்றிலிருந்து பூச்சியம் வரை இறங்கும் என்றும், ஒழுங்கின்மைக்குத் தனக்கென ஓர் இயல்பு தேவையில்லை என்றும் இக்கணக்கு சொல்லாமல் சொல்லியது.

இந்த எண்ணம் தளர்ந்தது 2009இல். இத்தாலியின் கார்லோ மெனகினி, கொல்கத்தாவின் சுகத ராய், பெங்களூரின் சர்மா முதலியோர், பல்வேறு அளவில் ஒழுங்கு குலைந்த மாதிரிகளை இரண்டு வேறு கருவி வழிகளால் ஆராய்ந்தனர். ஒன்று எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு: கோடிக்கணக்கான அணுத்தளங்களிலிருந்து சிதறிவரும் அலைகள் கூடியும் கழிந்தும் தருகின்ற சராசரிப் படம் அது, நெடுந்தொலைவு ஒழுங்கையே அது காட்டும். மற்றது எக்ஸ் கதிர் உட்கவர்தலின் நுண்ணமைப்பு: ஓர் இரும்பு அணுவிலிருந்து வெளியேறும் எலக்ட்ரான் அலை அண்டை அணுக்களில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு, அந்த அணுவின் அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை அது சொல்லும். முதல் வழியில் நெடுந்தொலைவு ஒழுங்கு பெரிதும் குலைந்ததாகத் தோன்றிய மாதிரிகளிலும், இரண்டாம் வழியில் அருகமை ஒழுங்கு மிக உயர்ந்த அளவில் எஞ்சியிருந்தது. இரும்பைச் சுற்றிப் பெரும்பாலும் மாலிப்டினமே இருந்தது. தற்செயலான சிதறல் என்ற கொள்கைக்கு இது பொருந்தாது.

அணுக்களைப் பற்றி வஞ்சியில் பேசிய ஆசீவகவாதி சொன்ன ஒரு செய்தி இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தனியணுவைத் தெய்வக் கண்ணுடையோர் அன்றிப் பிறர் அறியார், திரண்ட பொருளையே அறிவர். மாலைப் பொழுதின் மங்கலில் ஒற்றை மயிர் புலப்படாது, மயிர்த்திரள் புலப்படும் என்பது அவனது விளக்கம். அவனது அணுவுக்கும் இன்றைய அணுவுக்கும் உறவு ஏதும் இல்லை. அவ்வாறு உறவு காட்டுவது இரண்டுக்கும் செய்யும் தீங்காகும். திரளைக் காணும் காட்சியும் தனியைக் காணும் காட்சியும் வெவ்வேறு அளவைகள் என்பதும், ஒன்றின் தீர்ப்பை மற்றதன் தீர்ப்பாகக் கொள்ளலாகாது என்பதும் மட்டுமே அவனிடமிருந்து ஏற்கத்தக்கவை. எந்தக் கூற்றும் அது சொல்லப்படும் நோக்குநிலையோடு சேர்ந்தே மெய்யாகும் என்னும் சமணருடைய நயவாதமும் இதற்கு அண்மையில் நிற்கிறது. ஒரே படிகம் ஒரு நோக்கில் ஒழுங்கற்றது, மற்றொரு நோக்கில் ஒழுங்குற்றது; இரண்டும் மெய், இரண்டும் அளக்கப்பட்டவை.

அப்படியானால் குலைந்தது எது? படிகம் வளரும்போது பல இடங்களில் தனித்தனியே ஒழுங்கு முளைக்கிறது. ஒவ்வொரு களத்திலும் இரும்பும் மாலிப்டினமும் முறை தவறாமல் மாறிமாறியே அமர்கின்றன. ஆனால் ஒரு களம் இரும்பில் தொடங்கிய வரிசையை மற்றொரு களம் மாலிப்டினத்தில் தொடங்கியிருக்கிறது. இரண்டும் வளர்ந்து சந்திக்கும் இடத்தில் இரும்புக்கு அடுத்து இரும்பு, மாலிப்டினத்துக்கு அடுத்து மாலிப்டினம் என எதிர்கொள்ள நேர்கிறது. இதனைக் கட்டம் பிறழ்ந்த எல்லை என்பர். ஒரு களத்தை அளவுகோலாகக் கொண்டால் அண்டைக் களத்தின் அணுக்கள் அனைத்தும் இடம்மாறியவை. அந்தக் களத்தை அளவுகோலாகக் கொண்டால் முந்தையவை அனைத்தும் இடம்மாறியவை. எந்த அணுவையும் தனியே சுட்டி இது தவறான இடத்தில் இருக்கிறது என்று கூற இயலாது. தவறு எல்லையில் இருக்கிறது, அதுவும் உறவாக இருக்கிறது.

பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளின் மொழிநிலையை அறிந்தவர்க்கு இந்தப் படம் புதிதாகத் தோன்றாது. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் மொழிவழி அமைக்கப்பட்டபோது, சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும், முன்பு கொச்சி அரசுக்கு உரியதாய் இருந்த சித்தூரும், திருவிதாங்கூரைச் சேர்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தின் பகுதிகளாயின. மாவட்ட அளவில் கணக்கெடுத்தால் இவை கலப்பு மொழிப் பகுதிகள் என்ற ஒற்றைச் சராசரி கிடைக்கும். அருகே சென்றால், கல்பாத்தி அக்கிரகாரத்தின் வரிசை வீடுகளிலும் மூணாறு தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் வீட்டுக்கு வீடு தமிழே வழங்குவதும், அடுத்த தெருவில் அல்லது அடுத்த சரிவில் அவ்வாறே இடையறாது மலையாளம் வழங்குவதும் தெரியும். இரு பக்கமும் தன்னளவில் முழுமையானவை. எது இடம்மாறியது என்பது எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. மலையாளச் சொற்கள் விரவிய பாலக்காட்டுத் தமிழ் போன்று, களத்தின் உள்ளேயே நிகழும் கலப்பும் உண்டு. படிகத்திலும் தனித்த இடமாற்றங்கள் களத்துக்குள் ஓரளவு இருக்கவே செய்கின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. எல்லை என்பது வெற்றிடமும் அன்று: குமுளிக்கு மேலே மங்கலதேவி மலையில் கண்ணகிக்கு உரியதாகப் போற்றப்படும் கோயில், இரு மாநில நிருவாகங்களும் சேர்ந்து ஏற்பாடு செய்ய, சித்திரைப் பௌர்ணமி ஒருநாள் மட்டும் மக்களுக்குத் திறக்கப்படுகிறது. எல்லையின்மேல் இருப்பதனாலேயே அதற்கு அமைந்த இருப்பு அது.

ஒழுங்கின்மைக்குத் தனக்கென ஓர் அமைப்பு உண்டு என்பதோடு செய்தி முடியவில்லை. தனக்கெனச் செயலும் உண்டு. லாந்தனம், நிக்கல், மாங்கனீசு, ஆக்சிஜன் சேர்ந்த மற்றோர் இரட்டைப் பெரோவ்ஸ்கைட்டில் நிக்கலும் மாங்கனீசும் பகுதியளவு இடம்மாறியிருந்த மாதிரியை, சர்மாவின் குழுவினர் 2012இல் ஆராய்ந்தனர். காந்தப்புலத்தில் வைத்தபோது அதன் மின்காப்பு மாறிலி, அதாவது மின்புலத்துக்குப் பொருள் எவ்வளவு இணங்குகிறது என்பதன் அளவு, 150 முதல் 300 கெல்வின் வரையிலான அகன்ற வெப்பநிலை இடைவெளியில் 8 முதல் 20 விழுக்காடு வரை மாறியது. இந்த அரிய பண்பு தோன்றுவதில் அந்த இடமாற்றத்துக்கும் பங்கு உண்டு என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். இல்லாமை ஒன்றைக் குறைக்கலாம். புதிதாக ஒன்றைச் செய்யும் ஆற்றலை இல்லாமைக்கு ஏற்றுவது கடினம். இன்மைக்கும் ஒரு பதார்த்தம் என்ற இடம் தந்த பிற்கால வைசேடிகர்கூட, அதனை எப்போதும் ஏதேனும் ஒன்றனுடைய இன்மை என்றே கொண்டனர். குடத்தின் இன்மையை அறியக் குடத்தை அறிந்தால் போதும். இங்கேயோ முழு ஒழுங்கை அறிந்தவரும் ஒழுங்கின்மையை அறிந்தவராகார். எல்லைகள் எங்கே ஓடுகின்றன, களங்கள் எவ்வளவு பெரியவை என்பவற்றைத் தனியே கண்டறிந்தாக வேண்டும்.

பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் இருள்மல நிலையை விளக்குகையில், புற இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னைக் காட்டிவிடும், ஆணவ மலமோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்னும் கருத்தை வைக்கிறார். ஒரு குறை, தான் ஒரு பொருள் என்பதையே மறைத்து வெறும் இன்மையாகத் தோற்றமளிக்கக்கூடும் என்பது இதன் உட்பொருள். சித்தாந்தத்தின் மிகக் கூரிய அவதானங்களுள் இது ஒன்று எனத் தயங்காமல் சொல்லலாம். சராசரிப் படத்தில் படிகத்தின் ஒழுங்கின்மை அவ்வாறே தோன்றியது: இரு களங்களிலிருந்து வரும் அலைகள் ஒன்றையொன்று கழித்துவிட, ஒழுங்குக்கு உரிய ஒளிப்புள்ளிகள் மங்கின; அவற்றை மங்கச் செய்த எல்லைகள் படத்தில் தம்மைக் காட்டிக்கொள்ளவில்லை. மங்கலைக் கண்டவர்கள் இல்லாமையைக் கண்டதாக எண்ணினர்.

இதனைக் கொண்டு இயற்பியல் ஆணவ மலத்தை நிறுவிவிட்டது என்பாரானால் அது பெரும்பிழை. படிகத்துக்கு அறியாமையும் இல்லை, வீடுபேறும் இல்லை. நிறுவப்பட்டது சிறியது: குறையாகத் தோன்றுவது இல்லாமையே என்ற முடிவு தானாகப் பெறப்படுவதில்லை, ஒவ்வோரிடத்தும் ஆராய்ந்தே பெறப்பட வேண்டும். உண்மையிலேயே இல்லாமையாக இருக்கும் குறைகளும் உலகில் உண்டு. ஆக்சிஜன் அயனி ஒன்று தன் தளத்தில் இல்லாமற்போகும் வெற்றிடம் அத்தகையது, அதனை இன்மை என்று அழைப்பதில் பெரும் பிழை ஏதும் இல்லை. வைசேடிகர் எல்லா இடத்தும் தோற்றவருமல்லர், சித்தாந்திகள் எல்லா இடத்தும் வென்றவருமல்லர்.

குறையை நீக்குவது எவ்வாறு என்ற வினாவில் ஒப்புமை இன்னும் சிறிது தூரம் வருகிறது. இரும்பும் மாலிப்டினமும் மாறிமாறி அமர விரும்புவது, மின்னூட்டத்திலும் பருமனிலும் அவை வேறுபடுவதனால். ஆயினும் குறைந்த வெப்பத்தில் ஆக்கினால் அணுக்கள் தம் இடம் தேடிப் பெயர இயலாமல் உறைந்துவிடுகின்றன; மிகுந்த வெப்பத்தில் ஆக்கினால் வெப்பத்தின் குலைவே மேலோங்கிக் கலப்பை உண்டாக்குகிறது; இடைப்பட்ட வெப்பத்தில், போதிய காலம் வைத்து, காற்றின் ஆக்சிஜனேற்றம் புகாதபடி காத்தால்தான் களங்கள் பெருகி எல்லைகள் அருகுகின்றன. ஒழுங்கைப் பற்றிய அறிவு உலையில் வைத்த மாதிரியை ஒழுங்காக்குவதில்லை. எவ்வளவு பக்குவமாகச் சுட்டாலும் பூச்சியக் கெல்வினுக்கு மேற்பட்ட எந்த வெப்பநிலையிலும் ஓரளவு இடமாற்றம் எஞ்சவே செய்யும் என்பது வெப்ப இயக்கவியலின் விதி. முத்தியிலும் ஆணவ மலம் அழிவதில்லை, அதன் மறைக்கும் ஆற்றல் மட்டுமே மடங்கி நிற்கிறது என்ற சித்தாந்தக் கொள்கையோடு இது ஒத்திருப்பது கவனத்துக்குரியது. பிரியும் இடமும் தெளிவானது. செம்பில் களிம்புபோல உயிரோடு அநாதியாக உள்ளது மலம், அதற்கு ஒரு தொடக்கம் இல்லை என்பது சித்தாந்தம். படிகத்தின் எல்லைகளுக்கோ தொடக்கம் உண்டு. அவை இன்ன உலையில், இன்ன வெப்பத்தில், இரண்டு ஒழுங்குகள் ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்து சந்தித்த கணத்தில் தோன்றியவை.